நம்ம சர்க்கிள்ல ஒருத்தர்

"நம்ம சர்க்கிள்ல ஒருத்தர் இருக்கார்"
என்று சொல்ல ஆரம்பித்துப் பதினோரு வருடம்.
தோஹாவுக்கு வந்த இரண்டாம் வாரமே
ஏசிக் காற்றில் பிடிக்கும் தொண்டைக்கட்டு மாதிரி
இந்த வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது.

லைசென்ஸ் டெஸ்ட்டா, நம்ம சர்க்கிள்ல ஒருத்தர்.
ஃபேமிலி விசாவா, பழைய சோபாவா,
பொங்கலுக்கு வாழையிலையா,
நம்ம சர்க்கிள்ல ஒருத்தர்.
ஊரிலிருந்து மச்சினன் கேட்டான்:
"சர்க்கிள்னா எவ்ளோ பெருசு மாமா?"
"பெருசுதான்" என்றேன்.

அப்போது இந்த நகரம் முழுக்க ரவுண்டானா.
நுழைந்தவன் விலக வழி தெரியாமல்
மூன்று சுற்று சுற்றி வருவான்.
ஒவ்வொன்றாக இடித்து சிக்னல் வைத்தார்கள்.
இல்லாத ரவுண்டானாவின் பெயரைச் சொல்லித்தான்
இன்றும் டாக்ஸியைத் திருப்புகிறோம்.

என் சொந்த முகவரியிலும் ஒரு வட்டம் உண்டு.
திருச்சுழி வட்டம், விருதுநகர் மாவட்டம்.
சுழி என்றால் பூஜ்யம், அதுவும் வட்டம்தானே
என்று ஒரு பார்ட்டியில் சொன்னேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
யார் யார் என்று இப்போது நினைவில்லை.

மே மாதம் வயிற்றில் எரிச்சல்.
குழாய் விட்டுப் பார்க்கணும் என்றார் டாக்டர்.
மயக்க ஊசி போடுவதால் தனியாக அனுப்ப மாட்டோம்,
கூட வந்தவர் கையெழுத்துப் போடணும் என்று
ஃபாரத்தில் ஒரு கட்டத்தைத் தட்டிக் காட்டினாள் ஜின்சி சிஸ்டர்.

போனில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.
ராஜன் ஏசி.
ஃபைசல் டயர்.
எல்ஐசி முருகேசன் பழசு, எல்ஐசி முருகேசன் புதுசு.
கேக் அக்கா.
பிஆர்ஓ எடுக்கமாட்டார்.

மூன்று பேரை அழைத்தேன்.
ஒருவர் மீட்டிங்கில். ஒருவர் ஊரில்.
மூன்றாமவர் பதறிப்போனார்:
"முன்னாடியே சொல்லக் கூடாதா,
அந்த ஆஸ்பத்திரியிலேயே நம்ம சர்க்கிள்ல ஒருத்தர் இருக்காரே!"
உடனே நம்பர் அனுப்பினார்.
போன வருடம் நான் அவருக்குக் கொடுத்த நம்பர்.
அந்த ஆள் கனடா போய்விட்டார்.

பிறகு போன் தானாக அடித்தது.
தண்ணி கேன்.
"வீட்டில ஆளில்லையா? ரெண்டு போத்தல் வாசல்ல வெச்சிட்டன்.
கூப்பன் முடிஞ்சி போச்சு."
அவரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
கூப்பன் பற்றிப் பேசத்தான் வாயைத் திறந்தேன்.
"இரிங்க, வாறன்" என்றார்.

முழங்கை வரை நனைந்த சட்டையோடு வந்தார்.
வேன் ரோட்டில் நிற்கிறது என்று
ஜின்சியிடம் இரண்டு தரம் சொன்னார்.
ஃபாரத்தில் பெயர் எழுதினார்: முகம்மது நிஸ்தார்.
ஏழு வருடமாக என் ஆறாவது மாடிக்கு ஏறி வருகிறவர்.
அடுத்த கட்டம், உறவு.
பேனா நின்றது. என்னைப் பார்த்தார்.
நான் கூரையில் ஒரு விளக்கை எண்ணிக்கொண்டிருந்தேன்.
'வாட்டர்' என்று எழுதினார்.
ஜின்சி படித்துப் பார்த்துவிட்டு சீல் குத்தினாள்.

நாலு பில்டிங் முடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.
வேனின் முன்சீட்டில் பாதி மயக்கத்தில் நான்.
பின்னால் காலி கேன்கள்
ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்றையொன்று இடித்து
ஏதோ பேசிக்கொண்டே வந்தன.
அவர் ஒன்றும் பேசவில்லை.
இறங்கும்போது மட்டும், "காரம் சாப்பிடாதீங்க."

அடுத்த வெள்ளி, பிரியாணிக்கு நடுவில்
யாரோ கேட்டார்கள், வேன் ஓட்ட ஆள் கிடைக்குமா என்று.
"நம்ம சர்க்கிள்ல ஒருத்தர்"
வாய் தொடங்கிவிட்டது.
எல்லோரும் என்னைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.
நான் தயிர்ப்பச்சடியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கூப்பன் புத்தகம் இந்த முறை இரண்டு வாங்கினேன்.
போனில் இன்னும் பெயரை மாற்றவில்லை.
மாற்றிவிட்டால்,
தண்ணீர் தீர்ந்துபோகும் ராத்திரியில்
எந்த எழுத்தில் போய்த் தேடுவேன்?